பன்னிரண்டாவதில் 93, காலேஜ் முதல் இன்டர்னலில் 25-க்கு 6: வகையிடலில் எங்கே விட்டேன்?

ஏற்காடு_முதல்பஸ் | ஞாயிறு, இரவு 8:50

வணக்கம். சேலத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம் படிக்கிறேன். வீடு ஏற்காட்டில். தினமும் காலையில் இறங்கி சாயங்காலம் ஏறுகிற பிழைப்பு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. பதினொன்றாவது இரண்டாம் தொகுதியில் வந்த எல்லை, தொடர்ச்சி, வகையிடல் எல்லாம் எனக்குக் கைவந்த பாடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சூத்திரப் பட்டியலை ஒப்பிப்பேன்.

போன வாரம் வகை நுண்கணிதம் பேப்பரைத் திருத்திக் கொடுத்தார்கள். 25-க்கு 6. பெரிய மார்க் போன இடங்கள் இவை:

எக்ஸ்²-இன் வகைக்கெழுவை (அதாவது மாறும் வீதத்தை) வரையறையிலிருந்து காண்க என்று கேட்டிருந்தார்கள். 2எக்ஸ் என்று ஒரே வரி எழுதினேன். விடை சரி, மார்க் பூஜ்ஜியம்.

மட்டு எக்ஸ் (மைனஸ் குறியை நீக்கிய எக்ஸ்), எக்ஸ் = 0-இல் வகையிடத்தக்கதா? 'ஆம், வகைக்கெழு 1' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

எக்ஸ்²-ஐ சைன் எக்ஸால் பெருக்கி வகையிடச் சொன்னதற்கு, தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிட்டேன். 2எக்ஸ் காஸ் எக்ஸ். பெருக்கல் விதி தெரியும், பரபரப்பில் விட்டுப்போச்சு.

எக்ஸ் பவர் எக்ஸ். அடுக்கை முன்னால் இறக்கி, அடுக்கில் ஒன்று குறைத்தேன். சுருக்கினால் மறுபடியும் எக்ஸ் பவர் எக்ஸே வந்தது. இ பவர் எக்ஸும் அப்படித்தானே வரும் என்று சந்தோஷமாக அடிக்கோடு வேறு போட்டேன்.

மார்க்கைக்கூட விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. வரையறையில் ஹெச் என்று ஒன்று வருகிறது, எக்ஸோடு கூட்டுகிற சின்ன மாற்றம். சார்பு எவ்வளவு மாறியது என்பதை அந்த ஹெச்சால் வகுக்கிறோம். மேலும் கீழும் ஹெச்சை அடிக்கும்போது 'ஹெச் பூஜ்ஜியம் இல்லை' என்கிறோம். அடுத்த வரியிலேயே 'ஹெச்சுக்கு 0 போடு' என்கிறோம். இரண்டில் எது உண்மை? வகுப்பில் எழுந்து கேட்டேன். 'அதெல்லாம் அப்படித்தான், எழுதிக்கோ' என்று பதில் வந்தது. பின்பெஞ்ச் சிரித்தது.

(மொபைலில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. அதனால் எக்ஸ், ஹெச் என்று எழுத்திலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)


ஜங்ஷன்_பிளாட்பாரம்2 | ஞாயிறு, இரவு 9:04

அஞ்சு வருஷத்துக் கேள்வித்தாளை எடுத்து வைத்துப் போட்டுப் பார். ஒரே கணக்குதான் சுத்திச் சுத்தி வரும். இதுக்கு எதுக்குத் தத்துவம்?


கருப்பூர்_மெக்கானிக்கல் | ஞாயிறு, இரவு 9:20

மேலே உள்ளவர் சொல்வது பாஸ் ஆக உதவும், அவ்வளவுதான். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். முதல் செமஸ்டர் கணக்கை அப்படித்தான் ஓட்டினேன். இப்போது வெப்பக் கடத்தல் பாடத்தில் ஒவ்வொரு சமன்பாட்டிலும் டிஒய் பை டிஎக்ஸ், அதாவது வகைக்கெழு, வந்து நிற்கிறது. அது என்ன சொல்கிறது என்று புரியாமல் சூத்திரத்தில் எண்ணை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ் பவர் எக்ஸுக்கு மட்டும் இப்போது பதில். அடுக்கை இறக்கும் விதி, அடுக்கு மாறாத எண்ணாக இருந்தால்தான் செல்லும். இங்கே அடுக்கிலும் எக்ஸ் இருக்கிறது. ஒய் = எக்ஸ் பவர் எக்ஸ் என்று வைத்து இரண்டு பக்கமும் மடக்கை எடு. லாக் ஒய் = எக்ஸ் லாக் எக்ஸ் (இங்கே லாக் என்றால் இ-யை அடியாகக் கொண்ட மடக்கை). வகையிட்டால் ஒய்-டேஷ் (ஒய்யின் வகைக்கெழு) வகுத்தல் ஒய் = 1 + லாக் எக்ஸ். ஆக விடை, எக்ஸ் பவர் எக்ஸை (1 + லாக் எக்ஸ்) ஆல் பெருக்கியது.

நம்பாவிட்டால் போன் கால்குலேட்டரை எடு. எக்ஸ் = 2. உன் விடைப்படி வகைக்கெழு 4. என் விடைப்படி சுமார் 6.77. 2.001 பவர் 2.001 போட்டு, அதிலிருந்து 4-ஐக் கழித்து, 0.001-ஆல் வகு. 6.78 வரும். எந்த வகையிடல் கணக்கையும் இப்படி அரை நிமிஷத்தில் சரிபார்க்கலாம். எனக்கு இதை யாரும் முதல் வருஷத்தில் சொல்லவில்லை.


ஏற்காடு_முதல்பஸ் | ஞாயிறு, இரவு 9:41

அண்ணா, 6.779 வந்தது! அதே மாதிரி சைன் எக்ஸுக்கும் 0-இல் போட்டுப் பார்த்தேன். காஸ் 0 என்றால் 1 வர வேண்டும். 0.01745 வருகிறது. கால்குலேட்டர் தப்பா?


கருப்பூர்_மெக்கானிக்கல் | ஞாயிறு, இரவு 9:45

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்று. அந்த 0.01745 வேறொன்றும் இல்லை, பையை 180-ஆல் வகுத்தது. டிகிரியில் வகையிட்டால் ஒவ்வொரு தடவையும் அந்த எண் வந்து ஒட்டிக்கொள்ளும். நுண்கணிதத்தில் ரேடியனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதனால்தான்.


செவ்வாய்ப்பேட்டை_பட்டறை | ஞாயிறு, இரவு 10:15

தம்பி, நானும் ஒரு காலத்தில் பி.எஸ்சி. கணிதம்தான். அப்பாவுக்கு அப்புறம் கொலுசுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். ஹெச் விஷயம் எனக்கு வகுப்பில் புரியவில்லை, கம்பி இழுக்கும்போதுதான் புரிந்தது.

ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுத்த வெள்ளிக் கம்பி இழுத்தால் எடை 8.24 கிராம் வரும். (கொலுசு வெள்ளியில் கலப்பு உண்டு, கொஞ்சம் மாறும். அதை விடு.) எடை, தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அப்படியானால் எடை = 8.24 தடவை தடிமன்². உன்னுடைய எக்ஸ்²-தான் இது.

இழுக்கிற தகட்டின் துளை தேய்ந்து, கம்பி 1.01 மில்லிமீட்டராக வந்துவிட்டது என்று வை. எடை எவ்வளவு கூடும்? வகையிட்டால் 2 தடவை 8.24, அதாவது தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் 16.48 கிராம் என்கிற வீதம். அதை 0.01-ஆல் பெருக்கினால் 0.1648 கிராம். நிஜமாகக் கணக்குப் போட்டால் 0.1656. வித்தியாசம் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதுதான் ஹெச்². என் தராசு பத்து மில்லிகிராமுக்குக் கீழே காட்டாது. தராசுக்கே தெரியாததை நான் ஏன் எழுத வேண்டும்? விட்டுவிடுவேன். ஹெச்சை பூஜ்ஜியமாக்குவது என்றால் இதுதான்.


மரவனேரி_பழைய_வாத்தியார் | திங்கள், காலை 6:10

பட்டறைக்காரரே, கம்பிக் கணக்கு அருமை. கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இன்னும் நல்ல தராசு ஒன்று வாங்கினால் உங்கள் வகைக்கெழு மாறிவிடுமா?


செவ்வாய்ப்பேட்டை_பட்டறை | திங்கள், காலை 7:02

மாறாதுங்க சார். மாறவும் கூடாது. சரி, நீங்களே சொல்லுங்க.


மரவனேரி_பழைய_வாத்தியார் | திங்கள், காலை 7:48

தம்பி, உன் கேள்வியைக் கேட்டுச் சிரித்த பின்பெஞ்சிடம் சொல்: இதே கேள்வியை 1734-இல் பெர்க்லி என்ற அயர்லாந்துப் பாதிரியார் ஒரு புத்தகமாகவே எழுதிக் கேட்டார். இருக்கிறது என்று வகுக்கிறீர்கள், அப்புறம் இல்லை என்று தூக்கி எறிகிறீர்கள், மறைந்துபோன அளவுகளின் ஆவிகளா இவை என்று நியூட்டன் பக்கத்து ஆட்களைக் கிண்டலடித்தார். அன்றைக்கு யாரிடமும் நேரான பதில் இல்லை. கோஷி என்ற பிரெஞ்சுக் கணிதர் 1821-இல் எல்லையை வைத்து ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பிறகு வையர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணிதர் காலத்தில்தான் அது இறுகியது. நூறு வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய தலைகளுக்கே உறுத்தியது, முதல் செமஸ்டரில் உனக்கு உறுத்தினால் தலை சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

இப்போது பதில். எக்ஸ் = 3-இல் எக்ஸ்²-ஐ எடுத்துக்கொள்வோம்.

(3 + ஹெச்)²-லிருந்து 9-ஐக் கழித்தால் 6ஹெச் + ஹெச்². ஹெச்சால் வகுக்க வேண்டும். ஹெச் 0 இல்லாதவரை இது 6 + ஹெச்சுக்குச் சமம். ஹெச் = 0 என்றால் இடது பக்கம் 0/0, அர்த்தமே இல்லை. வலது பக்கத்தில் 6 நிற்கிறது. ஆக இவை இரண்டு வேறு சார்புகள். ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் இரண்டு சார்புகள்.

எல்லை என்பது அந்த ஒரு புள்ளியைப் பார்ப்பதே இல்லை. சுற்றியுள்ள இடத்தை மட்டும்தான் பார்க்கிறது: ஹெச் 0-ஐ நெருங்கும்போது சார்பின் மதிப்பு எதை நெருங்குகிறது என்று. ஆகவே இரண்டு சார்புக்கும் எல்லை ஒன்றுதான். வகுத்த வடிவத்தில் எல்லையைக் கண்டுபிடிப்பது கஷ்டம், 6 + ஹெச் வடிவத்தில் சுலபம். ஏன் சுலபம்? 6 + ஹெச் தொடர்ச்சியான சார்பு. தொடர்ச்சி என்பதன் வரையறையே, எல்லையும் மதிப்பும் ஒன்று என்பதுதான். நீ 'ஹெச்சுக்கு 0 போடுகிறேன்' என்று நினைக்கும் வரியில் உண்மையில் நடப்பது இது: கஷ்டமான சார்பின் எல்லை, சுலபமான சார்பின் எல்லைக்குச் சமம், அது சுலபமான சார்பின் மதிப்புக்குச் சமம். வகுத்த சார்பில் யாரும் எப்போதும் 0 போடவில்லை.

பள்ளியில் தொடர்ச்சியைத் தனிப் பாடமாக நடத்திவிட்டு, வகையிடலுக்கு வரும்போது அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நடத்தினேன், பொய் சொல்வானேன்.


ஏற்காடு_முதல்பஸ் | திங்கள், இரவு 8:15

சார், உங்கள் பதிலை பஸ்ஸில் நாலு தடவை படித்தேன். 'இரண்டு வேறு சார்புகள்' என்ற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் இதுவரை சுருக்கினால் அதே சார்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'நெருங்குகிறது' என்ற சொல் மழுப்பலாக இருக்கிறதே? 6 + ஹெச், 5-ஐயும்தானே நெருங்குகிறது? 6.1, 6.01 என்று குறைந்துகொண்டே வந்தால் 5-க்கும் பக்கத்தில்தானே வருகிறது?


மரவனேரி_பழைய_வாத்தியார் | திங்கள், இரவு 9:05

சபாஷ். அந்த மழுப்பலை ஒழிக்கத்தான் எப்சிலான், டெல்டா என்ற இரண்டு எழுத்து வந்தது. பிள்ளைகள் பயப்படுவது மாதிரி அதில் ஒன்றும் இல்லை, பேரம் பேசுவதுதான். பட்டறைக்காரரையே கூப்பிடலாம்.

வியாபாரி வந்து, 'மீட்டருக்கு எடை 0.1 கிராமுக்கு மேல் விலகக் கூடாது' என்கிறார். அது எப்சிலான். பட்டறைக்காரர் கணக்குப் போட்டு, 'தடிமன் 0.006 மில்லிமீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். அது டெல்டா. வியாபாரி 0.01 கிராம் என்று இறுக்கினால் இவரும் தடிமனை இறுக்க வேண்டும். வியாபாரி எவ்வளவு இறுக்கினாலும் இவரிடம் ஒரு பதில் இருந்தால், எல்லை இருக்கிறது. ஒரே ஒரு எப்சிலானுக்காவது கையை விரித்தால், இல்லை.

உன் 5-ஐப் பார். '5-லிருந்து அரைக்கு மேல் விலகக் கூடாது' என்று நான் கேட்கிறேன். ஹெச் 0-க்குப் பக்கத்தில் வந்ததும் 6 + ஹெச் 6-ஐ ஒட்டியே நிற்கும், 5.5-க்குள் வரவே வராது. எந்த டெல்டாவும் உதவாது. 5 அவுட்.

வீட்டுப்பாடம்: எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ்² 9-ஐ நெருங்கும் என்று இதே பேரத்தில் காட்டு.


மேட்டூர்_பதினாறுகண் | திங்கள், இரவு 10:30

இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகைக்கெழுவை அணை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன், அக்காவிடமிருந்தும் ஒன்று எடுத்துக்கொள்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடித்தது. முழு உயரம் 120 அடி, அப்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி). 93.47-ஐ 120-ஆல் வகுத்தால் அடிக்குச் சராசரி 0.78 டி.எம்.சி. அப்படியானால் 119-லிருந்து 120-க்கு ஏற 0.78 டி.எம்.சி. போதுமா? போதாது. அணை தட்டையான தொட்டி இல்லை, மேலே போகப் போக விரிகிறது. நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அந்தப் பரப்பில் ஒரு அடி தண்ணீர் என்றால் சுமார் 1.65 டி.எம்.சி. சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 0.78 என்பது வெட்டுக்கோட்டின் சாய்வு. 1.65 என்பது 120-இல் தொடுகோட்டின் சாய்வு. கொள்ளளவை உயரத்தைப் பொறுத்து வகையிட்டால் பரப்பளவு கிடைக்கிறது என்பதைக் கவனி. இது தற்செயல் இல்லை.

அடுத்தது சங்கிலி விதி: ஒன்று இன்னொன்றைப் பொறுத்தும், அது நேரத்தைப் பொறுத்தும் மாறினால், இரண்டு வீதத்தையும் பெருக்கும் விதி. 'நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி, வெளியேற்றம் இத்தனை ஆயிரம் கனஅடி' என்று தினமும் செய்தியில் போடுகிறார்களே, இரண்டையும் கழித்தால் கொள்ளளவு நேரத்தைப் பொறுத்து மாறும் வீதம். நீர்மட்டம் ஏறும் வேகம் வேண்டுமானால் அதைப் பரப்பளவால் வகுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு டி.எம்.சி. என்பது விநாடிக்கு 11,574 கனஅடி. ஆக, நிரம்பும் தறுவாயில் ஒரே நாளில் ஒரு அடி ஏற, வரத்து வெளியேற்றத்தைவிடச் சுமார் 19,100 கனஅடி கூடுதலாக இருக்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்து, பரப்பு இதில் பாதியாக இருக்கும் நாளில் அதே தண்ணீர் இரண்டு அடி ஏற்றிவிடும். 'வரத்து அப்படியேதான் இருக்கு, மட்டம் மட்டும் ஏன் இப்ப மெதுவா ஏறுது' என்று டீக்கடையில் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். சங்கிலி விதி தெரியாததால் நடக்கும் சண்டை அது.


ஜங்ஷன்_பிளாட்பாரம்2 | திங்கள், இரவு 10:41

அணை, கொலுசு எல்லாம் வந்தாச்சு. தட்டுவடை செட்டும் ஜவ்வரிசியும்தான் பாக்கி.


மேட்டூர்_பதினாறுகண் | திங்கள், இரவு 10:44

கிண்டல் பண்ணாதீங்க தம்பி, ஜவ்வரிசிக்கு மரவள்ளி வேண்டும், மரவள்ளிக்குக் காடு வேண்டும். பெருக்கல் விதிக்கு அந்தக் காடுதான் வேண்டும்.

60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்தில் ஒரு மரவள்ளிக் காடு. வேலியை நீளத்தில் ஒரு மீட்டர், அகலத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் போடுகிறோம். கூடுகிற பரப்பு எவ்வளவு? 1-ஐ 1-ஆல் பெருக்கி ஒரு சதுர மீட்டர் என்று யாராவது சொன்னால் பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு விரட்டலாம். ஒரு பக்கம் 40 சதுர மீட்டர் பட்டை, இன்னொரு பக்கம் 60 சதுர மீட்டர் பட்டை, மூலையில் ஒரு சதுர மீட்டர். அந்த இரண்டு பட்டைதான் பெருக்கல் விதியின் இரண்டு உறுப்பு. முதல்பஸ் தம்பி பேப்பரில் எழுதியது மூலைத் துண்டை மட்டும்.


மரவனேரி_பழைய_வாத்தியார் | செவ்வாய், காலை 6:02

மூலைத் துண்டை எழுதிய முதல் ஆள் நம் தம்பி இல்லை. டிஒய் பை டிஎக்ஸ் குறியீட்டைக் கொடுத்த லைப்னிட்ஸே 1675 நவம்பரில் தன் கைக்குறிப்பில், பெருக்கலை வகையிட்டால் வகையீடுகளின் பெருக்கல்தானா என்று யோசித்து, சோதித்துப் பார்த்து, இல்லை என்று முடிவுக்கு வந்தார். எக்ஸை எக்ஸால் பெருக்கிப் பார்த்தாலே போதும். தனித்தனியாக வகையிட்டால் 1 தடவை 1, விடை 1. வர வேண்டியது 2எக்ஸ்.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்ததால் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்காதே. வகைக்கெழு என்ற சொல்லையே பார், அதில் 'கெழு' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு டிஃபரன்ஷியல் கோஎஃபிஷியன்ட் என்றுதான் பெயர். கோஎஃபிஷியன்ட் நமக்குக் கெழு. இப்போது ஆங்கிலத்தில் டெரிவேடிவ் என்று மாற்றிக்கொண்டார்கள், நம் சொல் பழசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே பட்டறைக்காரர் 0.01-ஐ எந்த எண்ணால் பெருக்கினார்? அதுதான் கெழு.


ஏற்காடு_முதல்பஸ் | புதன், இரவு 9:30

வீட்டுப்பாடம் சார். எக்ஸ்²-லிருந்து 9-ஐக் கழித்தால் (எக்ஸ் − 3) தடவை (எக்ஸ் + 3). இது எப்சிலானுக்குள் இருக்க வேண்டும். ஆகவே டெல்டா = எப்சிலான் வகுத்தல் (எக்ஸ் + 3) என்று எடுத்துக்கொண்டேன். சரியா?


மரவனேரி_பழைய_வாத்தியார் | புதன், இரவு 9:52

பாதி சரி. டெல்டாவில் எக்ஸ் வரக் கூடாது. கம்பியை இழுப்பதற்கு முன்னாலேயே தடிமன் விலகலைச் சொல்ல வேண்டும், இழுத்து முடித்துவிட்டு இல்லை. முதலில் எக்ஸ் 3-லிருந்து 1-க்கு மேல் விலகாது என்று ஒரு வேலி போடு. அப்போது எக்ஸ் 4-க்குக் கீழே, எக்ஸ் + 3 என்பது 7-க்குக் கீழே. இப்போது டெல்டாவை எப்சிலான் வகுத்தல் 7 என்றும் 1 என்றும் இரண்டில் எது சிறியதோ அது என்று வை. முடிந்தது. அந்த 7-ஐப் பார்த்து மிரளாதே, அது புனிதமான எண் இல்லை. வேலியை அரை என்று போட்டிருந்தால் 6.5 வந்திருக்கும்.


ஏற்காடு_முதல்பஸ் | புதன், இரவு 10:08

இப்போது புரிகிறது சார். மட்டு எக்ஸையும் போட்டுவிட்டேன். வலது பக்கத்திலிருந்து வந்தால் ஹெச் வகுத்தல் ஹெச், 1. இடது பக்கத்திலிருந்து வந்தால் மைனஸ் ஹெச் வகுத்தல் ஹெச், −1. இரண்டும் ஒத்துப்போகாததால் எல்லை இல்லை. தொடர்ச்சி உண்டு, வகைக்கெழு இல்லை.

அப்படியானால் எங்கள் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கேயும் வகைக்கெழு இருக்காது அல்லவா?


கருப்பூர்_மெக்கானிக்கல் | புதன், இரவு 10:25

இருக்கும். மட்டு எக்ஸில் இருப்பது முனை. அந்த முனையில் ஒரு பஸ் போக வேண்டுமானால், டிரைவர் நேரமே எடுக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவு எவ்வளவு நெருக்கமானாலும் வளைந்துதான் திரும்புகிறது, தொடுகோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழல்கிறது. நெருக்கத்துக்குத் தனி அளவு உண்டு, வளைவு ஆரம் என்று. உங்கள் செமஸ்டரிலேயே பின்னால் வரும்.

மேப்பில் பிரச்சினை வேறு. வளைவில் பாதை திரும்பித் தன் பக்கமே வருவதால் ஒரே எக்ஸுக்கு இரண்டு ஒய். மேப்பில் அந்த ரோடு சார்பே இல்லை. அதற்குப் பதிலாக, அடிவாரத்திலிருந்து பஸ் ஓடிய தூரத்தை எக்ஸாக எடு, உயரத்தை ஒய்யாக எடு. ஓடிய தூரம் ஒன்றுக்கு உயரம் ஒன்றுதான். அழகான சார்பு.


ஏற்காடு_முதல்பஸ் | வெள்ளி, இரவு 8:40

அண்ணா சொன்னதை பஸ்ஸில் செய்து பார்த்தேன். போனில் உயரமும் தூரமும் காட்டும் ஒரு ஆப். ஜன்னல் சீட், மடியில் நோட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிளகு வியாபாரி, சர்வே ஆபீசா என்று கேட்டார்.

ஒரு இடத்திலிருந்து 500 மீட்டர் ஓடியதில் 31 மீட்டர் ஏற்றம், சாய்வு 0.062. அதே இடத்திலிருந்து 100 மீட்டருக்கு 8, சாய்வு 0.08. இன்னும் நெருங்கலாம் என்று 20 மீட்டர் எடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து இதற்காகவே காத்திருந்தேன், ஆனால் கெட்டுப்போச்சு. நேற்று 0 ஏற்றம், இன்று 4 மீட்டர். சாய்வு 0 என்றும் 0.2 என்றும் குதிக்கிறது. ஹெச்சைக் குறைத்தால் நல்ல விடை வர வேண்டியதுதானே?


மரவனேரி_பழைய_வாத்தியார் | வெள்ளி, இரவு 9:15

போன் காட்டும் உயரத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்பின் இருக்கும். 500 மீட்டருக்கு அது பொருட்டே இல்லை. 20 மீட்டருக்கு அந்தப் பிழைதான் பெரிது, அதை நீ 20-ஆல் வகுத்து ஊதிப் பெருக்கிவிட்டாய். எல்லை என்பது சார்புக்கு உண்டு, போனுக்குக் கிடையாது. பட்டறைக்காரர் தராசும் உன் போனும் ஒரே கட்சி. அளந்து வகையிடுகிறவர்கள் ஹெச்சை ரொம்பப் பெரிதாகவும் வைக்க மாட்டார்கள், ரொம்பச் சிறிதாகவும் வைக்க மாட்டார்கள்.

சங்கிலி விதியையும் அந்த நோட்டிலேயே போட்டுவிடு. சாய்வு 0.062, பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறாய்?


ஏற்காடு_முதல்பஸ் | வெள்ளி, இரவு 9:28

மணிக்கு 20 என்றால் நிமிஷத்துக்கு 333 மீட்டர். அதை 0.062-ஆல் பெருக்கினால் சுமார் 20 மீட்டர். ஓ, அதனால்தான் ஏறும்போது காது அடைக்கிறதா! வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதே உயரம்தான், ஆனால் அடைப்பதில்லை.


செவ்வாய்ப்பேட்டை_பட்டறை | வெள்ளி, இரவு 9:33

காது வகையிடுகிறது என்கிறாய். இதை என் பையனிடம் சொல்லப் போகிறேன்.


ஏற்காடு_முதல்பஸ் | சனி, மதியம் 1:10

இன்னொரு விஷயம், சிரிக்கக் கூடாது. என் பக்கத்து பெஞ்ச் நண்பன் ஓமலூர்க்காரன். எக்ஸ் பவர் எக்ஸை அவனும் தப்பாகத்தான் போட்டிருக்கிறான், வேறு மாதிரி. அடியை மாறாத எண் என்று எடுத்துக்கொண்டு, எக்ஸ் பவர் எக்ஸ் தடவை லாக் எக்ஸ் என்று எழுதியிருக்கிறான். என் தப்பு விடை எக்ஸ் பவர் எக்ஸ். இரண்டையும் சும்மா கூட்டிப் பார்த்தோம். சரியான விடை வருகிறது! இது எப்படி?


மரவனேரி_பழைய_வாத்தியார் | சனி, மதியம் 2:25

தற்செயல் இல்லை. நீ அடுக்கை அசையாமல் வைத்து அடியை மட்டும் மாற்றினாய். அவன் அடியை அசையாமல் வைத்து அடுக்கை மட்டும் மாற்றினான். உண்மையில் இரண்டும் சேர்ந்து மாறுகின்றன, ஆகவே மொத்த மாற்றம் இரண்டின் கூட்டல். மேட்டூர் அம்மாவின் மரவள்ளிக் காட்டில் ஆளுக்கொரு பட்டையை அளந்திருக்கிறீர்கள். இதற்குப் பகுதி வகையிடல் என்று பெயர், இதே செமஸ்டரில் வரும். இரண்டு பேரும் பேப்பரை எடுத்துக்கொண்டு உங்கள் சாரிடமே போய்க் காட்டுங்கள்.


ஏற்காடு_முதல்பஸ் | திங்கள், மாலை 6:50

காட்டினோம் சார். முதலில், மார்க் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து முகத்தைச் சுளித்தார். அப்புறம் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கடைசி பீரியடில் எங்கள் இரண்டு பேரையும் எழுப்பி போர்டில் எழுதச் சொன்னார். நான் இடது பக்கம், அவன் வலது பக்கம், நடுவில் அவரே கூட்டல் குறி போட்டார். மணி அடித்த பிறகும் விளக்கிக்கொண்டே இருந்ததில் ஐந்தரை பஸ் போய்விட்டது.

மார்க் அதே 6-தான்.